தியாகலிங்கத்தாருக்குப் பிறஷர் இல்லை

தலை போனாலும் பிக்கப் வாகனத்தின் திறப்புச் சாவியை மனுசியின் கையில் கொடுப்பதில்லை என்று தியாகலிங்கம் முடிவெடுத்தார்.

பாவி மனுசன், வேறென்ன செய்வார்? வீட்டில் சமைக்கிற குசினி மனுசி கமலாதேவியுடையது, அலுமாரி கமலாதேவியுடையது, கடைசிப் பேச்சும் கமலாதேவியுடையது. டீசல் பிக்கப்பின் ஸ்டியரிங் ஒன்றுதான் அவருடைய இராச்சியம். அதற்கும் போன மாதம் ஆபத்து வந்துவிட்டது. கமலாதேவி லைசென்ஸ் எடுத்துவிட்டாள். அதுவும் முதல் தடவையிலேயே! அவருக்கு மூன்றாந் தரம்தான் கிடைத்தது.

மண்டைதீவில் அவளுடைய தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. "நாளைக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று இவர் சொல்லிச் சொல்லியே பிள்ளை குப்புறப் பிரளத் தொடங்கிவிட்டது.

"உங்களுக்கு ஏலாட்டி விடுங்கோ. நாளைக்கு நானே பிக்கப்பை ஓடிக்கொண்டு போறன்" என்றாள் கமலாதேவி.

இறுப்பிட்டிச் சந்தியால் மனுசி ஓட, புருசன் பக்கத்தில் பொம்மை மாதிரிக் குந்தியிருப்பதா? விடியவே எழும்பிப் பிக்கப்பின் பொனற்றைத் திறந்தார். இஞ்சினுக்குள் ஒயில் பிறஷர் எவ்வளவு என்று மீட்டருக்குச் சொல்லுகிற சின்ன வயர் ஒன்று உண்டு. அதைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினார். மீட்டர் ஊசி அடியில் விழுந்து படுத்தது.

"இஞ்சேரும்! பிக்கப் சரிவராது. பிறஷர் இல்லை."

"ஒயில் கிடக்கோ?"

"கம்பியை இழுத்துப் பாத்தனான். நிறையக் கிடக்கு."

"டீசல் கலந்து தண்ணியாப் போச்சோ? மணந்து பாத்தனீங்களோ?"

தியாகலிங்கத்துக்குத் திக்கென்றது. உதெல்லாம் இவளுக்கு ஆர் சொன்னது?

"மணந்தனான். டீசல் மணம் இல்லை."

"அப்ப பில்டர் அடைச்சிருக்கும்."

"போன கிழமைதானே மாத்தினது!"

"ஒயில் அடிக்கிற பம் போச்சோ?"

"ஓம்! பம்தான்! பம்தான் போட்டுது!"

"பம் போனால் இஞ்சின் கடகடவெண்டு கத்துமாமே. இது நல்ல சுகமாயெல்லோ ஓடுது?"

"நீர் எங்கை உதெல்லாம் படிச்சனீர்?"

"லைசென்சுக்குப் படிப்பிச்ச மாஸ்டர் சொன்னவர்."

இவருக்குப் படிப்பித்த மாஸ்டர் ஹோர்ன் அடிக்க மட்டும்தான் காட்டிக் கொடுத்தவர். இனி வேறு வழியில்லை. வாகனம் திருத்துகிற கராச்சுக்குக் கதைப்பது போல வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, குசினிக்குக் கேட்கட்டும் என்று வளவு முழுக்க நடந்து கத்தினார்.

"ஓம் அண்ணை, பிறஷர் அடியோடை விழுந்திட்டுது! என்ன, அசையவே கூடாதோ? ஐயோ, அப்ப எல்லாம் முடிஞ்சுதோ அண்ணை!"

நன்றாய்த்தான் நடித்தார். வேலிக்கு அங்காலை பார்வதிப்பிள்ளை அக்கா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றதை மட்டும் கவனிக்கவில்லை. அக்கா படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தா.

"எடி கமலா! தம்பிக்குப் பிறஷர் விழுந்திட்டுதாம்! டொக்டரோடை கதைச்சதை என்ரை காதாலை கேட்டனான்!"

கமலாதேவி வெளியே வந்தாள். புருசனைப் பார்த்தாள். திறந்து கிடந்த பொனற்றுக்குள் குனிந்து, கழன்று தொங்கிய வயரைப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்தாள்.

"ஓமக்கா, விடியத் தொடக்கம் அதைத்தான் சொல்லிக்கொண்டு நிக்கிறார். ஊசி எழும்புதே இல்லையாம்."

"எனக்கில்லை! பிக்கப்புக்கு!"

"பிக்கப்புக்குப் பிறஷரோ? ஐயோ, தம்பி பிதற்றத் தொடங்கியிட்டுது!"

அக்கா போட்ட சத்தத்தில் அயல் முழுக்கக் கூடிவிட்டது. ஒருவர் நாடியைப் பிடித்தார். ஒருவர் உப்புத்தண்ணி பருக்கினார். கெதியாய் ஆசுபத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள்.

"நானே ஓடிக்கொண்டு போறன்" என்றார் தியாகலிங்கம், வாயில் உப்போடு.

"பிறஷர் இல்லாத ஆள் வாகனம் ஓடுறதோ? தலை சுத்தினால் பாலத்தாலை கடலுக்கைதான்! கமலா, திறப்பை வாங்கு!"

என்ன சொல்லுவார்? மனுசியை ஏய்க்க வயரைக் கழற்றினவன் என்று தெரிந்தால், தீவெல்லாம் அவர் சாகும்வரை சொல்லிச் சிரிக்கும். சொல்லவும் ஏலாது, சும்மா இருக்கவும் ஏலாது. திறப்பை நீட்டினார். கமலாதேவி பொனற்றுக்குள் கையை விட்டாள். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஏறி ஸ்டார்ட் பண்ணினாள். அவளுக்கு மீட்டர் ஊசி மரியாதையாய் எழும்பி நின்றது.

கியர் மாற்றும்போது எங்கேயாவது ஒரு உலுக்கு உலுக்குவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். உலுக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பாலத்தில் பஸ்ஸை வெட்டிக்கொண்டு போனபோது இல்லாத பிறேக்கை இரண்டு காலாலும் மிதித்தார். இஷ்ட தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை.

ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். டொக்டர் அளந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லுவார். அந்த நிமிசமே திறப்பைத் திருப்பி வாங்கிவிடலாம்.

டொக்டர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். இன்னொருக்கால் அடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஆர் குறைவெண்டு சொன்னது? ஐயாவுக்குப் பிறஷர் உச்சத்திலை நிக்குது! குளிசை தாறன். இவர் வாகனம் ஏதும் ஓடுறவரோ?"

கமலாதேவி திறப்பைக் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினாள்.

"முந்தி ஓடினவர், டொக்டர்."