முட்டி சாரின் கட்டைவிரல்

முட்டி சாரின் கட்டைவிரலுக்குப் பயந்த மாதிரி மதுரைக்காரர்கள் இந்த உலகத்தில் வேறு எதற்கும் பயந்ததில்லை. அரிவாளைப் பார்த்தே அசராதவர்கள் என்று மீசையை முறுக்குகிற அப்பாக்கள்கூட, காலை ஆறு மணிக்குத் திருநகர் மைதானத்தில் அந்த விரல் நீளும்போது குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

அவர் போர்ச்சுகல்காரர். எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் தன் பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்க அவரைக் கூட்டிவந்தது. நிஜப்பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. தினமும் ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொரு முட்டியையும் கட்டைவிரலால் அழுத்தி, "வலிக்குதா, மாப்ள?" என்று கேட்பார். அதனால் முட்டி சார். அவர் கற்றது டீக்கடைத் தமிழ். அதில் பெண் பிள்ளைகளும் மாப்ளதான். ஒருநாள் தலைமையாசிரியையும் மாப்ள ஆனார். அழுத்தும்போது முகம் லேசாகச் சுளித்தால் போச்சு, இரண்டு வாரம் வெளியே உட்கார வேண்டும். அப்பீல் கிடையாது.

அவர் நாட்டில் இரண்டாம் டிவிஷனில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். கோல் போட்ட கதை கேட்கலாம் என்று நாங்கள் ஆசையாகப் போய் உட்காருவோம். அது அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். மொத்தமே இரண்டு கோல், அதிலும் ஒன்று தன் அணியின் கோலுக்குள்ளேயே போட்டது. முட்டிக் கதைதான் அரை மணி நேரம். இருபத்தாறு வயதில் வலியை மறைத்து, ஊசி போட்டுக்கொண்டு மூன்று ஆட்டம் ஆடினாராம். நான்காவதில் கால் மடங்கியது, அத்தோடு ஆட்டம் போனது. பிறகு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தபடி நாடு நாடாகச் சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்தார். கதை முடிந்ததும் பேன்ட்டை ஏற்றித் தழும்பைக் காட்டுவார். அதைப் பார்த்த அன்றைக்குச் சோறு இறங்காது.

என் மகள் தர்ஷினி அணியின் கோல்கீப்பர். மாநில அணித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டு மாடிப்படியில் நொண்டினாள். தேர்வானால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட் கிடைக்கும். சாரிடம் சொன்னால் எல்லாம் போய்விடும்.

இன்னொரு பிள்ளையின் அப்பாவான சாகுல் அண்ணன்தான் வழி சொன்னார். "வில்லாபுரத்துல ஒரு கட்டு வைத்தியர் இருக்காரு மாப்ள. ஒரே கட்டு, புள்ள எந்திரிச்சு ஓடும். முட்டி சாருட்ட மட்டும் மூச்சு விட்றாத."

ஒரு வாரக் காய்ச்சல் என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிப்போனேன். வைத்தியர் உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி இறுக்கிக் கட்டினார். தேர்வு நாள் காலையில் பிரிக்கச் சொல்லியிருந்தார். பிரித்தால் வலி திரும்பிவிடுமோ என்று பயந்து நான் பிரிக்கவில்லை. கோல்கீப்பருக்கு நீள பேன்ட் என்பதால் வெளியே தெரியாது என்று ஒரு தைரியம்.

தேர்வுக்குக் கிளம்புமுன் திருநகர் மைதானத்தில் சாரின் கட்டைவிரல் அழுத்தியது. அப்பளம் நொறுங்குகிற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. பேன்ட் காலுக்குள்ளிருந்து வெள்ளையாக மாவு உதிர்ந்தது. முட்டை வாடைக்கு எங்கிருந்தோ ஒரு நாய் எழுந்து வந்து அவள் காலை மோந்து பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

வலிக்கிறதா என்று அவர் கேட்டார். தர்ஷினி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"இல்ல சார்," என்றாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

அவர் என் தலையாட்டலையும் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நடுங்கினேன். அவரோ மற்ற பிள்ளைகளை விளையாட்டு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தார். தல்லாகுளத்து ஆஸ்பத்திரி வரும்வரை அவள் காலைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்கு உயிர் போய் வந்தது.

ஸ்கேன் அறை வாசலில் அவர் தன் தழும்பு முட்டியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றார்.

"எம் மேல கோவமா சார்?"

"இல்ல மாப்ள. பயம்."

தசைநார் பாதி கிழிந்திருந்தது. அன்றைக்கு இன்னொரு முறை பாய்ந்து விழுந்திருந்தால் மிச்சமும் போயிருக்கும் என்றார் டாக்டர். ஆறு மாதம் ஓய்வு, ஆபரேஷன் வேண்டாம் என்று கேட்டதும் எனக்கு முந்தி அழுதது அவர்தான். நான் அவமானத்தில் தலைகுனிந்து நின்றேன். அந்த வருஷத் தேர்வு போனது. கால் மிஞ்சியது.

போன வருஷம் ஒப்பந்தம் முடிந்து அவர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். புதுக் கோச் நல்லவர்தான், யார் முட்டியையும் தொடுவதில்லை, எல்லா அப்பாக்களும் நிம்மதியாக இருக்கிறார்கள். தர்ஷினி மறுபடி கோல் முன்னால் நிற்கிறாள். ஆனால் முட்டி சார் இல்லாத மைதானத்தில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.