அந்தோனியாருக்கு ஒரு கண்

“கம்பளியில முடிச்சுப் போடுற மனிசனை நான் இண்டைக்குத்தான் காணுறன்” என்றாள் மரியநாயகி கணவரிடம்.

குருசுமுத்து தலை நிமிரவில்லை. அவருடைய மடியில் இளநீல நிறத்தில் ஒரு சாண் அகலப் பொருள் ஒன்று நண்டுக்கூட்டைப் போல விறைத்துக் கிடந்தது. மேசையில் வைத்தபோது அது யாருடைய உதவியும் இன்றித் தானாக நின்றது.

“முடிச்சில்லாட்டி அவிழ்ந்துபோமெல்லே?”

“அவிழாது.”

“முடிச்சில்லாமல் ஒரு வலை எப்பிடி நிக்கும்?”

“இது வலையில்லையப்பா! குழந்தையளுக்குப் போர்க்கிற சாமான்!”

ஊர்காவற்றுறைக் கரையில் முப்பது ஆண்டுகளாக வலை பின்னியும் கிழிசல் பொத்தியும் வந்த கைகள் அவருடையவை. வலையின் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முடிச்சு என்பது அந்தக் கைகள் கற்ற ஒரே பாடம். மூளை சொன்னாலும் விரல்கள் கேட்கவில்லை.

அந்தக் கைகளுக்குக் கம்பளி வந்து சேர்ந்த கதை சிறியது. முந்திய சனிக்கிழமை மாதர் சங்க மண்டபத்தில் பின்னல் வகுப்பொன்று தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிரியவதனி மிஸ், பதினைந்து பெண்களுக்கும் இரண்டு ஊசி, இரண்டு நூலுருண்டை, ஒரு தாள் என்று கொடுத்தார். ஊசியில் கண் எனப்படும் நூல்வளையங்களை ஏற்றும் விதத்தையும், ஒரு கண்ணை முன்னால் எடுப்பது எப்படி, பின்னால் எடுப்பது எப்படி என்பதையும் காட்டிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை ஒவ்வொருவரும் தாளில் உள்ளபடி ஒரு மாதிரித் துண்டு கொண்டுவர வேண்டும். வெளிநாட்டுக் கடையொன்றுக்குக் குழந்தைப் போர்வை பின்னும் குழுவுக்கு ஆள் எடுப்பது அந்தத் துண்டைப் பார்த்துத்தான். துண்டு கொண்டுவராதவரின் இடம், பெயர் கொடுத்துக் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும்.

வகுப்பு முடிந்து வந்த உற்சாகத்தில் மரியநாயகி கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

“இருபத்தாறு வருசமா இந்த வீட்டில எல்லாம் உங்கட கடலுக்குத்தான்” என்றாள் அவள், மாவுக்கட்டைப் பார்த்தபடி. “இது ஒண்டுதான் நான் எனக்கெண்டு கேட்டு எடுத்தது.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் குருசுமுத்து ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பார். அழாததால் ஊசிகளைக் கையில் எடுத்தார். சோளகக் காற்று எழுந்து வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடந்த வாரம் அது. வேறு வேலையும் இருக்கவில்லை.

முடிச்சுகளை வெட்டி எறிந்தபின் மரியநாயகி கதிரையை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“தாளை வடிவா வாசியுங்கோ.”

“‘நாற்பது கண் ஏற்றவும். ஒரு கண் முன்னால், ஒரு கண் பின்னால் என வரிசை முடியும்வரை செல்லவும். திருப்பிப் பிடித்து, மீண்டும் அவ்வாறே செய்யவும்.’ கீழ ஒரு படமும் கிடக்கு. பிரதியெடுத்ததில கறுத்துப்போச்சு. இருட்டுக்குள்ள காகம் இருக்கிற மாதிரி.”

“படத்தை விடுங்கோ. கண்ணை ஏத்துங்கோ.”

ஏற்றினார். மரியநாயகி இடது கை விரலால் எண்ணினாள்.

“நாற்பத்தொண்டு கிடக்கு.”

“ஓம்.”

“தாளில நாற்பது.”

“ஒண்டு அந்தோனியாருக்கு.”

குருசுமுத்துவின் தகப்பன் எந்த வலையைத் தொடங்கினாலும் எண்ணிக்கைக்கு மேல் ஒரு கண் சேர்ப்பார். அது புனித அந்தோனியாருக்குரிய கண். மகனும் அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

“அந்தோனியாருக்கு இந்த வெக்கையில என்னத்துக்குக் கம்பளி?”

“அது அவருக்கும் எனக்கும் உள்ள விசயம். நீ முன்னால, பின்னால எண்டு சொல்லு.”

அவள் சொன்னாள். அவர் எடுத்தார். கண்கள் நழுவின, ஊசி ஒன்று இருமுறை பாயைத் துளைத்தது. ஆனால் மூன்றாம் நாள் காலை நான்கு விரல் உயரத்துக்கு ஒரு துணி வளர்ந்திருந்தது. குருசுமுத்து அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அதில் ஒரு முடிச்சுக்கூட இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நூல். ஒரு கண் அடுத்த கண்ணுக்குள் தலையை நீட்ட, அது மற்றொன்றைத் தாங்க, எவரும் எவரையும் கட்டிவைக்காமலே எல்லாம் சேர்ந்து நின்றன. பசையை நம்பி வாழும் சிலந்தி ஒன்று, தூக்கணாங்குருவியின் கூட்டுக்குள் முதன்முதலாக நுழைந்து பார்த்தால் எப்படி மலைத்து நிற்குமோ அப்படி நின்றார் அவர்.

“மேரி! இஞ்ச வந்து பார்! முன்னால எடுத்த கண்ணை மற்றப் பக்கம் திருப்பிப் பாத்தால், அது பின்னால எடுத்த கண்! ரெண்டும் ஒண்டுதான்!”

“ஓமப்பா. மிஸ் முதல் நாளே சொன்னவ.”

“நீ எனக்குச் சொல்லேல்லையே!”

“இதில சொல்ல என்ன கிடக்கு?”

இவ்வளவு பெரிய செய்தியை அறிந்த பதினைந்து பெண்கள் பேசாமல் வீட்டுக்குப் போய்ச் சோறு சமைத்திருக்கிறார்கள் என்பது குருசுமுத்துவுக்கு விளங்கவேயில்லை.

துணி முழுவதும் மணி மணியாகப் புடைத்திருந்தது. ஒரு மணிக்கு மேலே பள்ளம், பள்ளத்துக்கு மேலே மணி. கடல் வற்றும் நேரத்தில் சாட்டிக் கரையில் வெறுங்காலோடு நின்றால் பாதத்தில் தெரியும் மணலைப் போல இருந்தது அது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தார்.

பின்னேரம் அயல்வீட்டு அன்னப்பிள்ளை அக்கா வந்தார். அவரும் அதே வகுப்பு.

“ஐயோ, தம்பி! இதென்ன, துணிக்குக் கொப்புளிப்பான் போட்ட மாதிரிக் கிடக்கு?”

“ஏன் அக்கா, பிழையோ?”

அன்னப்பிள்ளை தம்முடைய துண்டை எடுத்து விரித்தார். அதில் புடைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மேலிருந்து கீழ்வரை நேரான வரிகளாக நின்றன. “எனக்கு மட்டுமில்லை, பதினாலு பேருக்கும் இப்பிடித்தான். நான் வீடு வீடாப் போய்ப் பாத்தனான். உங்கடதுதான் ஊரோட ஒத்துப்போகேல்லை.”

மரியநாயகியின் முகம் இருண்டது.

“மேல போகப் போக வரி விழும், பயப்பிடாதேங்கோ” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார் அன்னப்பிள்ளை.

குருசுமுத்து மேலே போனார். முதல் உருண்டை முடியும்வரை போனார். வரி விழவில்லை, மணிகள்தாம் பெருகின.

“இழுத்து விட்டால் நேர்வரும்” என்று அவருக்கு அடுத்த யோசனை பிறந்தது. சுருங்கிய வலையை நேராக்கும் முறை அவருக்குத் தெரிந்ததுதானே? துணியை நனைத்து, முற்றத்துக் கொடியில் போட்டு, அடியில் ஈயக்குண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டார்.

வேலிக்கு வெளியே போன ஷாருஜன், அவரோடு கடலுக்குப் போகும் பெடியன், சைக்கிளை நிறுத்தினான். “அண்ணை, இது என்ன வலை? நெத்தலி மீன்கூடப் பூராது போலை?”

“குளிர் பிடிக்கிற வலை. நீ போ.”

மாலையில் துணி ஒன்றரை மடங்கு நீண்டிருந்தது. மணிகள் அசையவில்லை. ஈயக்குண்டில் ஊறியிருந்த பழைய மீன்மணம் முழுவதும் கம்பளியில் இறங்கியிருந்தது. இரண்டு பூனைகள் கொடிக்குக் கீழே அமர்ந்து பொறுமையோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

“உருண்டை ஒண்டு போச்சு” என்றாள் மரியநாயகி. பிறகு அந்த நீளத் துணியை எடுத்து, கழுத்தில் கட்டிக் கையைத் தாங்கிக்கொண்டாள். “ஆசுப்பத்திரித் துணி கழுத்தை அறுக்குது. இது கையைத் தூக்கவாவது உதவட்டும்.”

வெள்ளிக்கிழமை வந்தது. மிஞ்சியிருந்தது ஓர் உருண்டை. மரியநாயகி அதை எடுத்து அவருடைய மடியில் வைத்தாள்.

“அந்தோனியாரைக் கழட்டுங்கோ” என்றாள்.

“மேரி!”

“மற்றப் பதினாலு பேருக்கும் நாற்பது. எங்களுக்கு மட்டும் நாற்பத்தொண்டு. வேற என்ன வித்தியாசம் கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம்?”

“முப்பது வருசமா ஒருநாளும் அவரை விட்டதில்லை.”

“கடலில அவர் இருக்கட்டும். கம்பளியில வேண்டாம். எனக்காக.”

குருசுமுத்து சுவரிலிருந்த அந்தோனியார் படத்தைப் பார்த்தார். மனைவியின் கையைப் பார்த்தார். நாற்பது கண் ஏற்றினார், அதோடு நிறுத்திக்கொண்டார்.

நான்காவது வரிசையில் வரி விழுந்தது. பத்தாவது வரிசையில் அன்னப்பிள்ளையின் துண்டுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

“பாத்தியளோ? குழப்பினது அவர்தான்!” என்று மரியநாயகி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுவே முதல்முறை. குருசுமுத்துவும் சிரித்தார். ஆனால் அன்று படம் இருந்த சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிட்டார்.

சனிக்கிழமை மண்டபத்து மேசையில் பதினைந்து துண்டுகள் பரப்பப்பட்டன. குருசுமுத்து மனைவியின் பையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். பிரியவதனி மிஸ் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தார். ஐந்தாவது துண்டில் அவருடைய புன்னகை குறைந்தது. பத்தாவதில் மறைந்தது.

“எல்லாருக்கும் வரியாத்தானோ வந்தது?”

“ஓம் மிஸ், ஒருத்தரும் பிழை விடேல்லை!” என்றார் அன்னப்பிள்ளை பெருமையோடு.

மிஸ் கைபேசியைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். “கடைக்காரர் கேட்டது இது. மணல் தூவின மாதிரி, மணி மணியா. ஒருத்தருக்குமோ இது வரேல்லை?”

படத்திலிருந்து நிமிர்ந்த மிஸ்ஸின் பார்வை, முன்வரிசையில் மரியநாயகியின் கழுத்தில் போய் நின்றது.

“அக்கா, கையைத் தாங்கியிருக்கிற அந்தத் துணியை ஒருக்காத் தாறியளோ?”

மரியநாயகி தயங்கித் தயங்கிக் கழற்றிக் கொடுத்தாள். மிஸ் அதை முகத்தருகே கொண்டுபோனார், சற்றே விலக்கினார், மறுபடியும் அருகே கொண்டுபோனார்.

“இதை ஆர் பின்னினது?”

“நான் பின்னேல்லை, மிஸ். எனக்குக் கை ஏலாது. இவர்தான்.”

பதினைந்து தலைகள் வாசலை நோக்கித் திரும்பின. குருசுமுத்து பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி உள்ளே வந்தார்.

“மிஸ், அது பழுதாப்போன துண்டு. பிழை முழுக்க என்ரதான். அவவின்ர இடத்தை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ.”

“அவவின்ர இடம் எங்கையும் போகாது. கை ஆறுமட்டும் நீங்களும் கூட வாங்கோ” என்றார் மிஸ். அவருடைய விரல்கள் அந்த மணிகளின்மேல், கண் தெரியாதவரின் விரல்களைப் போல, மெல்ல நடந்துகொண்டிருந்தன. பிறகு துணியின் அடி வரிசையை எண்ணினார். நம்பாமல் மீண்டும் எண்ணினார். மேசையிலிருந்த தாளை எடுத்து வாசித்தார். அவருடைய முகம் மெல்லச் சிவந்தது.

“எல்லாரும் என்னை மன்னிக்கோணும். தாளில நாற்பது எண்டு அடிச்சது என்ர பிழை. இரட்டை எண்ணில வரிதான் விழும்; நாற்பதுக்கு மேல ஒண்டு கூடப் போட்டிருக்கோணும்.”