சம்பந்திக்காக ஒரு பால்கனி

சம்பந்தி ஆகப்போகிறவரிடம் போனில் பேசும்போது மனிதனுக்கு வாய் தனியாகவும் மூளை தனியாகவும் வேலை செய்யும். பெண்ணைப் பெற்ற யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். என் விஷயத்தில் மூளை அன்று விடுமுறையே எடுத்துக்கொண்டது.

நான் போர்ட் பிளேரில் குளியலறைச் சாமான்கள் விற்பவன். குழாய், வாஷ்பேசின், கமோடு. ஷாதிபூரில் வீடு. மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைக்காததால் அந்தக் கடலை நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. (அது எங்கே போய்விடப் போகிறது என்ற தைரியம்தான்.) மெயின்லேண்டுக்குப் போனால் கப்பலில் பங்க் கிளாஸ். அடித்தளத்தில் அடுக்குக் கட்டில், தலைமாட்டில் புளிசாதம், கால்மாட்டில் அடுத்தவர் வாந்தி. நாள் கணக்கில் கடலிலேயே போய், கடலைப் பார்க்காமலே சென்னையில் இறங்குவது எங்களுக்குக் கைவந்த கலை.

என் மகள் மீனா கோயம்புத்தூரில் படித்தாள். படித்த இடத்தில் கார்த்திக் என்ற பையனையும் பார்த்து வைத்துக்கொண்டாள். பையன் நல்லவன். எங்களுக்கு மறுப்பில்லை, அவர்களுக்கும் இல்லை. இரண்டு குடும்பமும் ஒருமுறை சந்தித்துப் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஒரு தனியார் கம்பெனி, போர்ட் பிளேரிலிருந்து கிளம்பி ஹேவ்லாக், லாங் ஐலண்ட் என்று சுற்றிவிட்டு மூன்றாம் நாள் திரும்பும் சொகுசுக் கப்பல் ஒன்றை விட்டது. வெங்காய மூட்டைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து நாங்கள் போய்வருகிற அதே தீவுகள்தான். கையில் ஒரு ஜூஸைக் கொடுத்து, வாசலில் டிரம்ஸ் அடித்து எங்களுக்கே திருப்பி விற்றார்கள்.

யோசனை பையனின் அப்பா வேலுச்சாமியுடையது. மோட்டார் பம்பு உதிரி பாகங்கள் வியாபாரம் செய்பவர். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரோடு பழக்கமில்லாத மனிதருக்குக் கடல் என்றால் உயிர். ஹோட்டலில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குப் பதிலாகக் கப்பலில் போய்விட்டு வந்துவிடலாமே என்றார். நானும் தலையாட்டினேன். (போனில் தலையாட்டினால் தெரியாது என்பதால் 'ஆமாங்க' என்றும் சொன்னேன்.)

பிறகுதான் பிரச்சினை. கப்பலில் ஜன்னலே இல்லாத அறை இருந்தது, ஜன்னல் வைத்தது இருந்தது, பால்கனி வைத்ததும் இருந்தது. பால்கனி அறையின் விலையைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கண்ணாடியில் தப்பில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. என் மனைவி சரோஜாவின் கட்சி தெளிவானது. அறை என்பது தூங்குவதற்கு. கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவனுக்குக் கடல் எதற்கு? மேல்தளத்துக்குப் போனால் எல்லாக் கடலும் எல்லாருக்கும் இலவசம். பால்கனி என்பது ஃபால்தூ செலவு, வெட்டிச் செலவு. பக்கத்து வீட்டு பிஸ்வாஸ் தாதாவிடமும் கேட்டேன் (வங்காளியில் தாதா என்றால் அண்ணன்). காலமெல்லாம் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வெற்றிலையை மென்றபடியே, "பால்கனி மே க்யா கரேகா? கப்டா சுகாயேகா?" என்று கேட்டார். அதாவது அங்கே நான் துணியா காயப்போடப் போகிறேன் என்று. ஆனால் கம்பெனி இணையதளத்தில் ஒரு படம் இருந்தது. வெள்ளை அங்கி போட்ட ஒருவர் பால்கனியில் காபிக் கோப்பையோடு சாய்ந்து, கடலைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை எடுத்துவிட்டு என் முகத்தை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. (தொப்பைக்கு அங்கி பொருந்துமா என்பது வேறு விஷயம்.)

கடைசியில் புத்தி ஜெயித்தது. ஜன்னல் இல்லாத அறை என்று முடிவு செய்து, பணம் கட்ட போனைக் கையில் எடுத்தேன். அது மணியடித்தது. சம்பந்தி.

"ஏனுங்க, என்ன ரூமு போடறீங்க?"

"பால்கனிதாங்க" என்றது என் வாய்.

அந்தப் பக்கம் அவர் இரண்டு முறை இருமினார். பிறகு, "நாங்களும் அதேதானுங்க" என்றார்.

அடுப்படியிலிருந்து சரோஜா எட்டிப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் ஊர்க்கூட்டம் போட்டுத் திட்டிய மாதிரி. நான் இணையதளத்தை அலசினேன். என் அதிர்ஷ்டம், எல்லா பால்கனியையும்விட மலிவாக ஒரே ஒரு பால்கனி கிடந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டிருந்தது. சிறப்பு அறை என்பதால் நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலில் ஏறும் முன் மீனா என்னைத் தனியாக அழைத்தாள். "அப்பா, மூணு நாள் மட்டும் நார்மலா இருங்க, ப்ளீஸ்" என்றாள். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அறைப் பையன் கதவைத் திறந்து திரையை விலக்கினான். யாரோ வாசலை மறித்து ஆரஞ்சு நிறத்தில் சுவர் எழுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சுவருக்கு ஒரு பெயரும் நம்பரும் இருந்தன. அது உயிர்காப்புப் படகு. கப்பல் மூழ்கினால் ஏறித் தப்பிப்பதற்காகத் தொங்கவிட்டிருந்த பெரிய படகு, என் பால்கனியை அங்குலம் விடாமல் அடைத்துக்கொண்டு நின்றது. ஓரத்தில் நாற்காலி போட்டு ஏறி, கழுத்தை இடது பக்கம் முறித்தால் கைக்குட்டை அளவுக்குக் கடல் தெரிந்தது.

சரோஜா படகைத் தட்டிப் பார்த்தாள். "பங்க் கிளாஸ்ல கூட எங்கேயோ ஒரு மூலையில வட்டமா ஒரு ஜன்னல் இருக்கும்" என்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது அவள் கருத்து. பெண் கொடுக்கப் போகிற இடத்தில் முதல் நாளே மானத்தைக் கொடுக்க முடியாது என்பது என் கருத்து.

அன்று ராத்திரி சாப்பாட்டில் சம்பந்தி நைசாக ஆரம்பித்தார். எங்கள் பால்கனிக்கு ஒருநாள் டீ குடிக்க வரலாமா என்று கேட்டார். உங்கள் பால்கனிக்கே நாங்கள் வருகிறோமே என்றேன். தங்களுடையதில் காற்று சாஸ்தி என்றார். எங்களுடையதில் வெயில் சாஸ்தி என்றேன். சூரியன் மறைந்து வெகு நேரமாகியிருந்தது. சம்பந்தியம்மா சகுந்தலா, பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பரீட்சைத்தாள் திருத்துகிற பார்வையோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளைகளின் கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டு எழுந்தோம். மீனாவின் முகம் வாடிவிட்டது.

மறுநாள் கப்பல் லாங் ஐலண்டுக்கு எதிரே நங்கூரம் போட்டது. எல்லாரும் சின்னப் படகில் கரைக்குப் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் சரோஜா, என்னைப் பார்க்காமலே, "வந்ததும் நம்ம ரூமுக்கு சாய் குடிக்க வாங்க. பால்கனில உக்காந்து பேசலாம்" என்று அவர்களை அழைத்துவிட்டாள்.

கடை விஷயமாக ஒரு போன் வரவேண்டியிருக்கிறது என்று சொல்லி நான் மட்டும் தங்கிவிட்டேன். அவர்கள் படகு நகர்ந்ததும் நேராக வரவேற்பு மேசைக்கு ஓடி, வேறு அறை கேட்டுக் கெஞ்சினேன். அங்கிருந்த பெண் பொறுமையாக, நட்சத்திரம் போட்ட அறை என்றால் எதிரே ஏதாவது பார்வையை மறைக்கும் என்று அர்த்தம் என்றாள். அந்தப் படகையாவது கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்றேன். "சார், வோ ஆப்கி சேஃப்டி கே லியே ஹை" என்றாள். என் பாதுகாப்புக்காகத்தான் என் மானம் போகப் போகிறது.

அறைக்குத் திரும்பி, சட்டையைக் கழற்றிவிட்டு, லுங்கி பனியனோடு பால்கனிக்குப் போனேன். நாற்காலிகளை எப்படிப் போட்டால் சம்பந்திக்குப் படகு தெரியாமல் கடல் தெரியும் என்று பார்க்க வேண்டும். இந்தக் கோலத்தை யாரும் பார்க்கக் கூடாதென்று பின்னால் திரையை இழுத்துவிட்டேன். மூலையில் நாற்காலி மேல் ஏறிக் கழுத்தை முறித்துக்கொண்டிருந்தபோது, அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் வேலையை முடித்து, ஏசி ஓடுகிறதே என்ற பொறுப்புணர்ச்சியில் பால்கனிக் கதவை உள்ளேயிருந்து பூட்டிவிட்டுப் போய்விட்டான். 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது. போன் உள்ளே கட்டிலில்.

கதவைத் தட்டினேன். கத்தினேன். தமிழில் கத்தினேன், இந்தியில் கத்தினேன். எனக்கும் உலகத்துக்கும் நடுவே படகு நின்றது. அப்போது ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு வந்தது, கப்பல் ஊழியர்களுக்குப் பயிற்சி என்று. தொடர்ந்து சங்கு ஊதியது. படகுக்குள் தலைக்கவசம் போட்ட நாலைந்து பேர் ஏறினார்கள். ஜன்னல் வழியாக ஒருவர் என்னைப் பார்த்து, பயப்படாதீர்கள் என்பது போலக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கதவு பூட்டிக்கொண்டது என்று நான் சைகை செய்தேன். அவர் இரண்டாவது கட்டைவிரலையும் உயர்த்தினார்.

படகு மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது.

முதலில் வானம் வந்தது. அப்புறம் லாங் ஐலண்டின் காடு, ஜெட்டி, பச்சையும் நீலமுமாகக் கடல். நான் காசு கொடுத்த மொத்தக் காட்சியும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. அதன் நட்ட நடுவில், கரையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த படகில், கையில் ஆளுக்கொரு இளநீரோடு என் சம்பந்தி குடும்பம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நான் நாற்காலி மேல் நின்றேன். கட்டம் போட்ட லுங்கி. ஓட்டை பனியன். வெட்கப்பட நேரமில்லை; இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, காப்பாற்றுங்கள் என்று ஆட்டினேன்.

அவர்களும் கையாட்டினார்கள்.

நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். அவர்களும் வேகமாக ஆட்டினார்கள். சம்பந்தி எழுந்தே நின்று ஆட்டினார். கார்த்திக் போனை எடுத்து வீடியோ பிடித்தான். முன்பின் தெரியாத சுற்றுலாக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கதவைக் காட்டிக் கையை விரித்தேன். வரவேற்கிறேன் என்று நினைத்துச் சம்பந்தியம்மா கைகூப்பினார். மீனா மட்டும் முகத்தை மூடிக்கொண்டாள். சரோஜா கையாட்டவில்லை. கண்ணுக்கு மேலே கையை வைத்து என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்ததும் அவள்தான். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை வழியனுப்பக்கூட நீங்க கை ஆட்டுனதில்ல. அப்பவே நினைச்சேன், ஏதோ கட்பட், ஏதோ கோளாறுன்னு" என்றாள். அவளுக்குப் பின்னால் மொத்தக் குடும்பமும் வந்துவிட்டது. நான் சட்டைக்குள் நுழைவதற்குள் சம்பந்தி பால்கனிக்குள் நுழைந்துவிட்டார்.

படகு இல்லை. எதிரே தீவு, காற்று, கடல். "இதுக்கு எவ்வளவு வேணா குடுக்கலாமுங்க" என்று நாற்காலியில் சாய்ந்தார். எனக்கு ஒரு நிமிஷம் கடவுள் நம்பிக்கை வந்தது. டீ வரவழைத்தோம். பிஸ்கட் வந்தது. நான் கடலைச் சொந்தமாக வெட்டியவன் மாதிரி கையை நீட்டி நீட்டி ஒவ்வொரு இடமாகக் காட்டினேன். சகுந்தலா அம்மா, சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம் என்று தொடங்கினார்.

அப்போது கீழேயிருந்து இயந்திரம் முனகும் சத்தம் கேட்டது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூரை எழுந்து கடலை மறைத்தது. பிறகு தீவை மறைத்தது. ஜன்னல்கள் வந்தன. ஜன்னல்களில் தலைக்கவசம் போட்ட முகங்கள் வந்து, எங்கள் டீக் கோப்பைகளுக்கு நேரே நின்றன. சகுந்தலா அம்மாதான் பிஸ்கட் தட்டை அவர்கள் பக்கம் நீட்டினார். ஒருவர் வெட்கத்தோடு, "ட்யூட்டி மே ஹை, ஆன்ட்டி" என்றார்.

"இது எப்பவும் இங்கதான் இருக்குமுங்களா?" என்று சம்பந்தி கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். என் வாயும் மூளையும் அன்றுதான் சேர்ந்து வேலை செய்தன. நட்சத்திரத்திலிருந்து நாற்காலி வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சகுந்தலா அம்மா தட்டைக் கீழே வைத்தார். "எங்க ரூம்ல ஜன்னலே இல்லைங்க. சுவத்துல கடல் படம் ஒட்டி, அதுக்குத் திரை போட்டிருக்குது. இவரு இன்னைக்குக் காலையில எந்திரிச்சு அந்தத் திரையைத் தொறந்து வேற வெச்சாரு" என்றார்.

சம்பந்தி படகின் நம்பரை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தது மீனா. அப்புறம் யார் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. படகுக்குள்ளிருந்தும் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எதையும் மறைக்க வேண்டியதில்லை என்றால் பேச எவ்வளவு கொஞ்சம் இருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

கல்யாணம் போர்ட் பிளேரில் நடந்தது. வரவேற்பில் பெரிய திரையில் கார்த்திக் பிடித்த வீடியோவைப் போட்டார்கள், பின்னணியில் நாதஸ்வரத்தோடு. அன்றிலிருந்து ஷாதிபூரில் யாரும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறார்கள். பிஸ்வாஸ் தாதா வெற்றிலையைத் துப்பிவிட்டு ஆட்டுகிறார்.

போன மாதம் மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லாரும் ஊருக்கு வந்திருந்தார்கள். கடையிலிருந்து திரும்பும்போது மழையில் என் ஸ்கூட்டர் மேட்டில் நின்றுவிட்டது. எதிரே மாப்பிள்ளை காரில் வருவதைப் பார்த்து, நிறுத்தச் சொல்லி இரண்டு கையையும் ஆட்டினேன். கார் வேகம் குறைந்தது. கண்ணாடி இறங்கியது. மீனா இரண்டு கையையும் ஆட்டினாள். மடியிலிருந்த பேத்தியும் ஆட்டினாள். அவளுக்கு இன்னும் 'தாத்தா' என்று சொல்ல வரவில்லை. வீட்டில் என்னைக் கூப்பிட இப்படிக் கையாட்டத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கார் போய்விட்டது. ஸ்கூட்டரை நானே தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.