மாப்பிள்ளை தண்ணீர் விட்ட தோப்பு

சும்மா இருப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் மாமனார் ஊரில் புது மாப்பிள்ளையாக ஒரு வாரம் இருந்து பார்க்கவேண்டும். எழுந்தால் "உக்காருங்க மாப்ளெ" என்பார்கள். உட்கார்ந்தால் காப்பி கொடுப்பார்கள். இப்படியே உபசரித்து ஒரு மனிதனை எவ்வளவு ஆபத்தானவனாக ஆக்கலாம் என்பதற்கு நானே சாட்சி.

என் மாமனாருக்கு முதலமடையில் மாந்தோப்பு, கூடவே கொஞ்சம் தென்னை. வருஷா வருஷம் அந்த வட்டாரத்தின் முதல் மாங்காய் அவர் தோப்பிலிருந்துதான் லாரி ஏறவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. (சாமியிடம் வேறு எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.) அதற்காக ஐப்பசி மழை ஓய்ந்ததும் மாமரங்களைக் காயப்போட்டுவிடுவார். மண் காய்ந்தால்தான் மரம் பூக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் குடித்த மரம் பூவை மறந்துவிட்டு இலை விடும். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நானோ கோயம்புத்தூர்க்காரன். எங்கள் தெருவில் மாம்பழம் பழக்கடையில்தான் விளையும்.

கல்யாணமான வருஷம் மாமாவுக்குக் கண்ணில் புரை. அறுவைசிகிச்சைக்காக அத்தையும் என் மனைவி சுகன்யாவும் அவரைக் கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கே கூட்டிப்போனார்கள். எனக்கு அப்போது வீட்டிலிருந்தே வேலை என்பதால், தோப்பு வீட்டுக்கு நான் காவல்.

அந்த வருஷம்தான் தோப்பில் தண்ணீர் விடுவதற்கு ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். மண்ணில் செருகிய கம்பி ஈரம் பார்க்கும். காய்ந்திருந்தால் பெட்டியே மோட்டாரைப் போட்டுக்கொள்ளும். எந்தப் பகுதிக்கு எங்கிருந்து தண்ணீர், கிணறா, போரா, குளமா என்று மட்டும் நாம் செல்போனில் ஒருமுறை சொல்லி வைக்கவேண்டும். அந்த அதிகாரத்தை என் போனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு மாமா காரில் ஏறினார்.

"தென்னைய மட்டும் ஒரு பார்வை பாத்துக்கோங்க மாப்ளெ. மாமரத்துக்கு ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. சும்மா இருந்தீங்கன்னாப் போதுமுங்க."

மாப்பிள்ளையின் கையில் மண் படக்கூடாது என்று மரியாதைக்குச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் தொழில் மென்பொருளில் பிழை தேடுவது. திரையில் சிவப்பாக எதைப் பார்த்தாலும் எனக்குச் சோறு இறங்காது. அன்று மதியமே பார்த்துவிட்டேன்: மாந்தோப்புக்கு நேராக ஒரு சிவப்பு முக்கோணம். 'நீர் ஆதாரம் அமைக்கப்படவில்லை.' பாவம், வயதானவர், கண் வேறு சரியில்லை, விட்டுப்போயிருக்கிறது என்று மனம் உருகிப்போனேன். நிஜத்தில் அவர் வேண்டுமென்றேதான் நீக்கியிருந்தார். 'நிறுத்து' என்ற பொத்தானில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வாய்க்காலை மண் வெட்டிப்போட்டு அடைக்கிற மாதிரி, தண்ணீர் வரும் இடத்தையே எடுத்துவிட்டால் பெட்டியால் என்ன செய்துவிட முடியும் என்பது அவர் கணக்கு.

நான் அந்த அடைப்பை எடுத்தேன். மாந்தோப்புக்கு முதல் ஆதாரம் குளம் என்று போட்டேன். குளம் வற்றினால்? அதையும் யோசிக்கிற புத்திசாலி அல்லவா நான். மாற்று ஆதாரம் போர் என்று போட்டேன். சிவப்பு முக்கோணம் மறைந்தது. நிம்மதியாக இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டேன்.

பெட்டிக்குக் கொண்டாட்டம். காய்ந்து கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டு விடிய விடியத் தோப்பு முழுக்கத் தண்ணீர் விட்டது. தினமும் நான் மாமாவைக் கூப்பிட்டு, பெட்டி அருமையாக வேலை செய்கிறது என்றேன். கட்டுப் போட்ட கண்ணோடு அவரும் சந்தோஷப்பட்டார். தென்னையைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

கொஞ்ச நாளில் மரங்கள் செம்பு நிறத்தில் துளிர்த்தன. அப்படி ஓர் அழகு. படம் எடுத்து, 'நம் தோப்பில் வசந்தம்' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டேன். அத்தை பார்த்தார். கண் ஆறும்வரை மாமா அழவோ ஆத்திரப்படவோ கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவருடைய போனை எடுத்து எங்கள் வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சுகன்யா மொட்டைமாடிக்குப் போய் என்னைக் கூப்பிட்டாள். நான் செய்ததை விளக்கினேன்.

"தண்ணியை நிறுத்துங்க. படத்தை அழிங்க. அப்பாவுக்கு மொதல்ல கண்ணு ஆறட்டும்" என்றாள். பூ என்றால் என்ன, இலை என்றால் என்ன என்று அப்புறம் சொல்லிக்கொடுத்தாள்.

அறுவைசிகிச்சை மாபெரும் வெற்றி. மாமா காரிலிருந்து இறங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, புதுக் கண்ணால் முதன்முதலில் தெளிவாகப் பார்த்தது என் துளிர்களைத்தான். தோப்பின் கடைசி மரம்வரை நடந்துவிட்டு வந்தார். சுகன்யா நடந்ததைச் சொன்னாள். கேட்டுக்கொண்டு, "மாப்ளைக்குக் காப்பி குடுத்தீங்களா?" என்றார்.

மாப்பிள்ளையை எப்படித் திட்டுவது? அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அதனால் மற்ற எல்லோரையும் திட்டினார். பெட்டி விற்றவனைத் திட்டினார். ஈரம் பார்க்கும் கம்பியை, குளத்தை, சும்மா படுத்திருந்த நாயைத் திட்டினார். மகளைத் தப்பாக வளர்த்ததாக அத்தையையும் திட்டினார். ஒவ்வொரு திட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "நீங்க சாப்பிடுங்க மாப்ளெ" என்றார். நான் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு முறை திட்டித் தொலைத்தால் தேவலை என்று ஏங்கினேன்.

வருஷா வருஷம் காய் எடுக்கும் வியாபாரி ராவுத்தர் பூ பார்த்து விலை பேச வந்தார். தோப்புக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு மரத்தடியில் நின்று தலையைத் துடைத்துக்கொண்டார். "நெழலு அருமையா வந்திருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அவ்வளவுதான். மாமா அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க மாப்ளெ, உங்களுக்கு அறிவு கிறிவு இருக்குதுங்களா? சும்மா இருங்கன்னு சொன்னா, சும்மா இருக்க மாட்டீங்களாங்க?"

எவ்வளவு கோபத்திலும் ஒரு 'ங்க' குறையவில்லை. அத்தை கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. சொல்லிவிட்டு மாமாவே வெலவெலத்துப்போய், மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். எனக்கோ தலையிலிருந்து மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. "இன்னும் ரெண்டு திட்டுங்க மாமா" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு தோளில் கை போட்டுத் தோப்புக்குள் கூட்டிப்போனார். எந்தத் துளிர் எதற்கு என்று இருட்டும்வரை காட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டு ஆள் ஆனேன்.

அந்த வருஷத்தின் முதல் மாங்காய் பக்கத்துத் தோப்பிலிருந்து லாரி ஏறியது. எங்கள் மரங்கள் சாவகாசமாகப் பூத்து, நாடே மாம்பழம் தின்று அலுத்த பிறகு காய்த்தன. எடுக்க ஆளில்லை. நாங்களே சாம்பாரிலும் ரசத்திலும் போட்டுத் தீர்த்தோம்.

இப்போது எங்கள் மகளுக்கு நாலு வயது. என்னை எப்போதும் 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். போன வாரம் அவள் ஒரு யானை வரைந்து, வானத்தை வெள்ளையாக விட்டுவிட்டு உள்ளே போனாள். பாவம், குழந்தை மறந்துவிட்டது என்று நானே நீலம் அடித்து முடித்து வைத்தேன். திரும்பி வந்தவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க அப்பா, உங்களுக்கு அறிவு கிறிவு இருக்குதுங்களா?"

மாமா அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார். பேத்தியைக் கண்டிக்கவேண்டிய மனிதர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். செய்தித்தாள் வெகுநேரம் குலுங்கிக்கொண்டிருந்தது.