இருபத்திரண்டாவது நிமிடம்

மூன்றாவது ஆளும் சரியாக இருபத்திரண்டாவது நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்ததும், கதிரேசன் சுவர்க் கடிகாரத்தை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை லாரி டிரைவர் ரசாக் தூங்கினார். செவ்வாய்க்கிழமை பாட்டில் கழுவும் பழனியாத்தாள். இன்று பேக்கிங் ஜெரோம். இரண்டு ஸ்பூன் ‘அல்லி’ தூக்க டானிக்கைக் குடித்துவிட்டு, ஆராய்ச்சி அறையில் விரித்திருந்த பாயில் வாயைத் திறந்தபடி கிடந்தான். ஆடிக் காற்று ஜன்னல் திரையைப் பெரிதாக ஊதி, மனமில்லாமல் விட்டுவிட்டுப் போனது. மத்தியானம் மூன்று மணி. துடியலூரே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

“ஏனுங்க தம்பி, எத்தனை?” என்று கேட்டுக்கொண்டே முதலாளி திருமூர்த்தி உள்ளே வந்தார். கக்கத்தில் நீளமான முயல் பதிவேடு.

“இருபத்திரண்டு நிமிசமுங்க சார்.”

“முயலு எத்தனைங்க?”

“அதுவும் இருபத்திரண்டுதானுங்க.”

“அப்பறமென்னுங்க? முயலும் மனுசனும் ஒண்ணுன்னு ஆயிப்போச்சு” என்று சந்தோஷமாகப் பதிவேட்டை மூடினார்.

கதிரேசன் அந்த டானிக் கம்பெனியின் ஆராய்ச்சி அலுவலர். ஆராய்ச்சிப் பிரிவில் அவனைத் தவிர இருந்தது ஒரு மேசையும் ஒரு சுவர்க் கடிகாரமும்தான். அந்த 1996ஆம் வருஷம் பெங்களூரில் நடந்த கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் வந்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. முயலின் உடம்பு ஒரு மாதிரி, மனித உடம்பு வேறு மாதிரி. மனிதனுக்கான மருந்தை மனிதனிடமிருந்தே தெரிந்துகொள்ளும் வழிகள் வந்துகொண்டிருக்கின்றன என்று அங்கே பேசினார்கள். திரும்பி வந்ததும் முதலாளியிடம் போய், “மனுசங்கிறவன் பெரிய சைஸ் முயல் இல்லீங்க சார்” என்று சொல்லிவிட்டான்.

திருமூர்த்தி சோளக்காட்டில் பிறந்து கம்பெனி வரைக்கும் வந்தவர். எதையும் பந்தயமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

“மூணு வாரம் முயலுக்கு மருந்தை நிறுத்திப்போடறேன். டாக்டர்கிட்டக் கேட்டு, சம்மதிச்ச ஆளுகளுக்குக் குடுத்துப் பாருங்க. முயலு கணக்கும் மனுசன் கணக்கும் வேறன்னு காட்டிட்டா, முயலுகளை விட்டுப்போடலாம். ஒண்ணா இருந்துச்சுன்னா, அடுத்த மாசம் வர்ற கண் சொட்டு மருந்தை முயலு கண்ணுலதான் ஊத்திப் பாக்கறது. உங்களுக்கு மதுக்கரை குடோன்.”

மதுக்கரை குடோனில் சிமெண்டுத் தூசியோடு இருமிக்கொண்டு காலம் தள்ளுவதைக்கூடக் கதிரேசன் பொறுத்துக்கொள்வான். ஆனால் பின்கட்டில் இருக்கும் எட்டு முயல்களின் பதினாறு கண்களும் அவனைத் தூங்கவிடவில்லை.

அவனைவிட மோசமாக இருந்தவர் மாசாணம். பதினோரு வருஷமாக முயல்களைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். தினம் தயாராகும் மருந்தில் முயலுக்குக் கால் ஸ்பூன் வீதம் ஊற்றி, எப்போது தூங்குகின்றன, எப்படி எழுகின்றன என்று பதிவேட்டில் எழுதி வைப்பார். ஒருநாள்கூட விட்டதில்லை. மருந்தை நிறுத்தியதிலிருந்து அவருடைய கண்கள் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

“தூங்கறதில்லீங்களாண்ணா?” என்று கதிரேசன் கேட்டான்.

“என்னமோ தெரியலீங்க சார், கண்ணு மூட மாட்டீங்குது.”

முயல்களின் கவலைதான் மனுஷனை இப்படி வாட்டுகிறது என்று கதிரேசனுக்கு மனசு கரைந்தது. முயல்கள் தோற்றால்தான் முயல்களுக்கு நல்லது என்று எப்படியாவது காட்டியாக வேண்டும்.

யோசித்ததில் ஒன்று தோன்றியது. மனிதனுக்குப் பேச வரும், முயலுக்கு வராது. அடுத்த நாள் மூவருக்கும் சேர்ந்தாற்போல் மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, எழுந்ததும் நோட்டோடு உட்கார்ந்தான்.

“மருந்து கசந்துச்சுங்களா?”

“நல்லாருந்துச்சுங்க சார்” என்றார் ரசாக்.

“தலை பாரமா இருந்துச்சுங்களா?”

“பாரமும் நல்லாத்தானுங்க இருந்துச்சு.”

“வேற ஏதாச்சும் தொந்தரவு?”

“நீங்க பிரியமாக் குடுக்கறீங்க, அதுல என்னங்க தொந்தரவு?” என்றான் ஜெரோம்.

விருந்து வீட்டில் குழம்பைக் குறை சொல்லாத ஊர். மருந்தை மட்டும் சொல்லிவிடுமா? கதிரேசன் தலையைச் சொறிந்துகொண்டு, “சரி, கனவு ஏதாச்சும் வந்துச்சுங்களா?” என்றான்.

பழனியாத்தாள் முகம் மலர்ந்தது. அவள் தொண்டாமுத்தூரில் பிறந்தவள்.

“ஒரு ஆனை வந்துச்சுங்க சார். மலையிலிருந்து மெதுவா இறங்கி, சத்தமே இல்லாம எங்கப்பன் தோட்டத்துக்குள்ள வந்துச்சுங்க. ஒரே ஒரு வாழைத்தாரை ஒடிச்சுக்கிட்டு, போயிட்டு வாரேன்னு சொல்ற மாதிரி தும்பிக்கைய ஆட்டிப்போட்டு மேகத்துக்குள்ள போயிருச்சுங்க.”

அந்த யானை போன பாதையையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது.

“உங்களுக்குங்க?”

“அந்தக்கா சொன்ன அதே ஆனைதானுங்க” என்றார் ரசாக்.

“எனக்கும் அதேதானுங்க” என்றான் ஜெரோம். பெரியவர்கள் ஒரு யானையைப் பார்த்திருக்கும்போது தான் மட்டும் வேறெதையோ பார்த்ததாகச் சொல்ல அவனுக்குக் கூச்சம்.

கதிரேசன் துள்ளிக் குதித்து முதலாளியிடம் ஓடினான். “சார், முயலுக்கு ஆனைக் கனவு வராதுங்க!”

திருமூர்த்தி எச்சில் தொட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். “எண்பத்தொம்பது மார்ச்சு. எட்டு முயல்களும் தூக்கத்தில் காலை உதைத்தன, யானையைக் கண்டாற்போல. கையெழுத்து, மாசாணம்.”

கதிரேசன் பின்கட்டுக்குப் பாய்ந்தான். “ஏனுங்கண்ணா, முயலு ஆனையைப் பாத்துச்சுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

மாசாணம் கீரைக்கட்டைப் பிரித்தபடி, “மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா சார்?” என்றார்.

மூன்றாவது வாரமும் முடியப் போனது. மரியாதைக்காரர்களை நம்பிப் பிரயோஜனமில்லை, நாமே குடித்துவிடுவோம் என்று முடிவுசெய்தான். கணக்கு மாற வேண்டும் என்பதற்காக இரண்டு ஸ்பூனுக்குப் பதில் நான்கு ஸ்பூனாக ஊற்றிக்கொண்டு பாயில் சாய்ந்தான்.

திரை ஊதியது. சுவர்க் கடிகாரம் மெல்ல வெயிலில் உருகி வழிந்தது. தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து யானை வந்தது. அதன் முதுகில் எட்டு முயல்கள் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது போல வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரிகள் எல்லாம் ஹாரன் அடிக்காமல் ஓரங்கட்டி வழிவிட்டன. கம்பெனி வாசலில் யானை நின்றது. தும்பிக்கையில் பதிவேடு.

“ஏனுங்க, இருபத்திரண்டு ஆச்சுங்களா?” என்று யானை கேட்டது.

“ஆச்சுங்க” என்று சொல்லிக்கொண்டே கதிரேசன் விழித்தான்.

விழித்தவனுக்கு உலகமே இனித்தது. வாசலில் நின்ற ஸ்கூட்டரைத் தடவிக்கொடுத்தான். ரசாக்கைக் கட்டிக்கொண்டான். நேராக முதலாளி அறைக்குப் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“சார், உங்க மேல எனக்கு எவ்வளவு பிரியம்னு நான் இதுவரைக்கும் சொன்னதே இல்லீங்களே!”

திருமூர்த்தி கையை விடுவித்துக்கொள்ளாமலேயே, “எத்தனை ஸ்பூனுங்க?” என்றார்.

“நாலுங்க.”

ஒற்றைக் கையால் பதிவேட்டைப் புரட்டினார். “போன தீபாவளிக்கு முந்தி ஒரே நாள்ல ரெண்டு தடவை மருந்து காய்ச்சினோம். முயலுக்கும் ரெண்டு பங்கு. அன்னிக்கு எழுதியிருக்கறதைக் கேளுங்க. முயல்கள் எல்லாரிடமும் மிகுந்த பிரியத்தோடு இருந்தன. முதலாளியிடம்கூட.”

‘முதலாளியிடம்கூட’ என்பதை அவர் இன்னொரு தரம் தனக்குள் படித்துப் பார்த்துக்கொண்டார்.

அவ்வளவுதான். பந்தயம் முடிந்தது. திருமூர்த்தி இரண்டு உத்தரவுகளை எழுதினார். முயல்களுக்கு நாளையிலிருந்து மறுபடியும் டானிக்; முதல் தேதியிலிருந்து கண் சொட்டு மருந்து. கதிரேசனுக்கு மதுக்கரை. பிரியம் இன்னும் தெளியாததால் கதிரேசன் அதற்கும் நன்றி சொன்னான். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க” என்றார் திருமூர்த்தி. “பதினோரு வருசக் கணக்கு பேசுது. முயலுக்கு என்ன ஆச்சோ அதேதான் மனுசனுக்கும் ஆச்சு. ஒரு நிமிசம் முன்னப் பின்ன இல்ல. இனி யாராச்சும் முயலு வேற, மனுசன் வேறன்னு சொன்னா நானே பெங்களூருக்கு வந்து பேசறேன்.”

வாசலோரம் நின்றிருந்த மாசாணம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “பதினாறு கண்ணுங்க மொதலாளி” என்றார்.

அப்போது சோற்றுத் தூக்குப் போசியோடு அவருடைய மனைவி சின்னாத்தாள் உள்ளே வந்தாள். புருஷனைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள்.

“ஏனுங்க மொதலாளி, ஒரு வார்த்தை கேக்கலாங்களா?”

“கேளு அம்மணி.”

“முயலுக்கு மறுபடியும் எப்பங்க மருந்து குடுப்பீங்க?”

“நாளைக்கே குடுத்துப்போடலாம். முயலுக மேல உனக்கு அத்தனை அக்கறையா?”

“நீ சும்மா இரு புள்ள!” என்று மாசாணம் பதறினார்.

“நீங்க சும்மா இருங்க” என்று சின்னாத்தாள் போசியைக் கீழே வைத்தாள். “முயலுகளுக்கென்னுங்க மொதலாளி, அதுக பாட்டுக்குத் தூங்குதுங்க. இவருதான் மூணு வாரமா பொட்டுக் கண்ணு மூடறதில்லீங்க. கசப்பை அந்தச் சீவனுக வாயில ஊத்த மனசு வராம, பதினோரு வருசமா எட்டு முயலு பங்கையும் இவரேதானுங்க குடிச்சுப்போட்டு எழுதிட்டிருந்தாரு!”