ஸவ்ஸனுக்கு நான் சொன்ன வரலாறு

அநியாயம் நடந்தது என் மூத்த சகோதரி, எங்கட ராத்தாட மகளுக்கு. வயசு ஆறு நாள். செய்தது அவட சொந்தச் சாச்சி. அதாவது நான்.

வேலை சின்னது. நாளைக்கு ஏழாம் நாள். முடி களைஞ்சு பேர் வைக்கிற. வாறவங்களுக்குக் குடுக்கிற வட்டிலப்ப இனிப்புக் கோப்பைகளில ஒட்ட, 'ஸவ்ஸன்' எண்டு ஸ்டிக்கர் அடிச்சுக்கொண்டு வரணும். ராத்தாவும் மச்சானும் எப்பவோ முடிவெடுத்த பேர்.

கல்முனையில பிரிண்டிங் கடை. நீட்டு வரிசை. கையில போன். நான் வேற கெம்பஸில மொழியியல் படிக்கிற ஆள். சும்மா நிக்க ஏலுமா?

குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அறிவு வழங்கினேன்: "ஸவ்ஸன் எண்டா அரபில லில்லிப் பூ. எபிரேயத்தில ஷோஷனா. ஐரோப்பாவில சூசன். வேர் பழைய எகிப்திலயாம், அங்க தாமரை!"

கேட்டது ஆர்? ஒருத்தரும் இல்ல!

முதல்ல மச்சான்ட உம்மா, எங்கட மாமி, வொய்ஸ் போட்டா: "என்னகா இது? இத்தினை நாட்டாளுகள் எடுத்து மிஞ்சினதா எங்கட புள்ளைக்கு?"

கட்டாரிலிருந்து உம்மாட தம்பி, மாமா: "இஞ்ச என்ட மனேஜர் ஒரு சூசன். லீவு தராத மனிசி. அந்தப் பேரைச் சொல்லிப் புள்ளயக் கொஞ்சவா?"

அடுத்தது ராத்தாட போன் கோல். அழுகை. "வயித்துக்குள்ள இரிக்கக்குள்ளயே நான் கூப்பிட்ட பேர் புள்ள! மாமி இப்ப வேற பேர் தேடுறா. உன்னை ஸ்டிக்கர் அடிக்கத்தானே அனுப்பின?"

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, பேர் முடிவா?"

"முடிவுதான் அண்ணன். விவாதம் நடக்குது."

"அப்ப கொஞ்சம் ஒதுங்கி நிண்டு நடத்துங்க."

ஒதுங்கினேன். விடல்ல. திரும்பவும் குழுவில எழுதினேன்: "வேர் தெரியாமப் பேர் வைக்கிறதுதான் வெட்கம்! என்ட பேரைப் பாருங்க. ரொஷானி. பாரசீகம். ஒளி! வாப்பா எவ்வளவு தேடி வெச்சிருப்பார்!"

அதுவரைக்கும் குழுவில வாயே திறக்காத வாப்பா எழுதினார்: "மகள், நீ பிறக்கக்குள்ள நிண்ட சிங்கள நேர்ஸ்ட பேர் அது. உம்மாட கையை விடாமப் பிடிச்சிருந்தா. உம்மா ஆசைப்பட்டா, வெச்சம். பாரசீகம் இப்பதான் கேள்விப்படுறன்."

எனக்குக் கன்னமெல்லாம் சுட்டது.

கொஞ்ச நேரத்தால மாமிட வொய்ஸ் வந்தது. முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. மிச்சம் இவ்வளவுதான்:

"சரிகா, பெத்தவ ஆசைப்பட்ட ஸவ்ஸனையே வைங்க. நாளைக்கு வாறவங்களுக்கு விளக்கம் சொல்ல மட்டும் இவள விட்டிராதீங்க."