நாற்பத்தேழில் முடியும் எண்

கம்ப்யூட்டர் திரையில் பச்சை விளக்கு வர வேண்டிய இடத்தில் ஒரு கட்டம் வந்து நின்றது. ‘நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்.’

யாருடைய எண் அது? அவளுக்குத் தெரியவில்லை. ஃபோனில் பேரைப் பார்த்தே பழகியவளுக்கு யார் எண்ணும் மனப்பாடமில்லை.

ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் எங்கோ கிளவுடில் இருந்தது. பராமரிப்புக்காக நேற்று நிறுத்தியதை இன்று காலை எழுப்பிவிட வேண்டியது அவள் பொறுப்பு. வேலையில் சேர்ந்து எட்டே நாள். “தரை துடைக்கிற அம்மாவோட பொண்ணையே போடுங்க” என்று சிபாரிசு செய்துவிட்டுப் போனவர் பழைய என்ஜினியர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளின் மார்க்கை மதித்த ஒரே மனிதர். அவரை அவள் மனசுக்குள் கும்பிடாத நாளில்லை.

கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர். பதினொரு மணிக்கு ஆபரேஷன். எந்த மருந்து உடம்புக்கு ஆகாது என்பது அவருக்கே ஞாபகமில்லை. டேட்டாபேஸுக்குத்தான் தெரியும்.

“இன்னொரு தடவை அமுக்கிப் பாரும்மா,” என்றார் டாக்டர்.

அமுக்கினாள். மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் இடுப்பில் ஃபோன் மறுபடியும் கிணுகிணுத்தது.

“யாரும்மா அது, வேலை நேரத்துல?”

“யாரோ ஏமாத்துக்காரன். விடமாட்டேங்குறான்.”

“அழிச்சுத் தொலை.”

“அப்பவே அழிச்சாச்சு.”

என்ஜினியரின் ஃபோன் அணைந்திருந்தது. எண்ணை மாற்றிவிடலாம் என்று பார்த்தாள். மாற்றுவதற்கும் ஓடிபி வேண்டுமாம், அதே எண்ணுக்கு. ஆத்திரத்தில் கைக்கு வந்த ஆறு இலக்கத்தை மூன்று முறை போட்டாள். பதினைந்து நிமிஷத்துக்குப் பூட்டிக்கொண்டது.

“படிச்ச பொண்ணு வந்தா எல்லாம் சட்டுபுட்டுனு நடக்கும்னாங்க,” என்றாள் நர்ஸ்.

“நீங்க வந்து நடத்துங்களேன்.”

“அவசரமில்லம்மா,” என்று வெளியிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. “எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

பத்து ஐம்பதுக்குப் பூட்டு திறந்தது. அமுக்கினாள். அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அமைதியில் அம்மாவின் இடுப்பு மட்டும் கிணுகிணுத்தது.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

“அம்மா, அந்த நம்பரைச் சொல்லு.”

“மாட்டேன்.”

“உசுரு விஷயம்மா.”

“போன மாசம் பக்கத்துல உக்கார வெச்சு என்ன சொன்ன? பெத்த பொண்ணே கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதேன்னியா இல்லியா?”

டாக்டர் கைகூப்பினார். அம்மா யோசித்தாள். ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான் சொல்லல. நீயா பாத்துக்கிட்டா அது உன் பாடு.”

பச்சை வந்தது. டாக்டர் திரையைப் படித்தார். தட்டில் தயாராக இருந்த ஊசியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. பெரியவர் போகிற போக்கில் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

அப்போதுதான் என்ஜினியர் திருப்பிக் கூப்பிட்டார்.

“சார், எல்லாம் சரியாயிடுச்சு. அம்மா நம்பரை ஏன் போட்டீங்கன்னு நான் கேக்கல. என் மார்க்கைப் பாத்து இந்த வேலைய வாங்கிக் குடுத்தீங்களே, சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.”



“உங்கிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சும்மா. லீவே போடாத ஆளுன்னு அவங்க நம்பரைப் போட்டேன், போன மாசத்துலேருந்து எனக்கே ஓடிபி சொல்ல மாட்டேன்னுட்டாங்க, பெத்த பொண்ணுக்காவது சொல்வாங்கன்னுதான் உன்னைப் போடச் சொன்னேன்.”